பேசாத ரோஸ்க்வா: நார்ஸ் புராணத்திலிருந்து சிறார் நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குடியானவனின் வீட்டுக்கு அந்திப் பொழுதில் இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள். ஒருவன் இடியின் கடவுளான தோர். மற்றவன் குறும்புக்காரன் லோகி. தன் தேரை இழுத்துவந்த இரண்டு ஆட்டுக்கடாக்களையும் தோர் தானே அறுத்து, தோலுரித்து, கொப்பரையில் வேகவைக்கிறான். வீட்டாரையும் உண்ண அழைக்கிறான். தின்று முடித்ததும் எலும்புகளை விரித்துவைத்த தோலின்மேல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. குடியானவனின் மகன் தியால்ஃபி ஒரு தொடையெலும்பைக் கத்தியால் பிளந்து உள்ளிருக்கும் நல்லியை எடுத்துவிடுகிறான். விடியற்காலையில் தோர் தன் சுத்தியலை உயர்த்தித் தோல்களை ஆசீர்வதிக்க, கடாக்கள் உயிர்பெற்று எழுந்து நிற்கின்றன. ஒன்று மட்டும் பின்னங்காலை இழுத்து நொண்டுகிறது.

விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்குத் தோர் சுத்தியலை இறுக்கிப் பிடித்தான் என்கிறது மூலம். வீட்டார் கதறி மன்னிப்புக் கேட்கிறார்கள். எங்களிடம் உள்ளதையெல்லாம் எடுத்துக்கொள் என்கிறார்கள். அவன் சினம் தணிகிறான். ஈடாக அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளை வாங்கிக்கொள்கிறான். ஒருவன் தியால்ஃபி. இன்னொருத்தி அவனுடன் பிறந்த ரோஸ்க்வா. எலும்பை உடைத்தது அவளல்ல. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூலத்தில் இது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் பசி, ஒரு சிறு தவறு, அதற்குச் சற்றும் பொருந்தாத தண்டனை, வீட்டைவிட்டுப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஒரு சிறார் நாவலுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன. பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள வாசகர்களுக்குப் பழைய வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தைத் தமிழில் நாவலாக எழுத நினைப்பவருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இந்த ஒரு கதையையே கடைசிவரை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன். நீங்கள் வேறு கதையைத் தேர்ந்தாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நார்ஸ் கதைகளில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. கொடுத்த விலை திரும்பி வருவதும் இல்லை. ஞானத்துக்காகக் கடவுள்களின் தலைவன் ஒடின் கொடுத்த கண் போனது போனதுதான். ஓநாயைக் கட்டுவதற்காக டீர் இழந்த கை மறுபடி முளைக்கவில்லை. காதலுக்காக ஃப்ரெயர் கைவிட்ட வாள் கடைசிப் போரில் அவனிடம் இல்லை. சிறுவர்களுக்கு எழுதுகிறோம் என்று இந்த விலைகளைத் துடைத்துவிட்டு, சுத்தியலையும் வானவில் பாலத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிற மறுஆக்கங்கள் என்னைச் சோர்வடையச் செய்கின்றன. எலும்பைப் பிளந்து நல்லியைத் தூர எறிவது போன்ற வேலை அது.

படி 1: மூலத்திடம் நேராகப் போங்கள்

நமக்குத் தெரிந்த நார்ஸ் கதைகளில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட இரண்டு நூல்களிலிருந்து வந்தது. ஒன்று ‘உரைநடை எட்டா’ (Prose Edda). ஸ்நோர்ரி ஸ்டுர்லுசன் (1179–1241) என்ற ஐஸ்லாந்துத் தலைவர் ஏறத்தாழ 1220-இல் எழுதியது. இன்னொன்று கவிதை எட்டா எனப்படும் பழம்பாடல்களின் தொகுப்பு. அதன் முதன்மையான கைப்பிரதி 1270-களில் எழுதப்பட்டது. 1643-இல் அது ஐஸ்லாந்தின் ஆயர் பிரின்யோல்ஃபுர் ஸ்வெய்ன்சனின் கைக்கு வந்தது. 1662-இல் டென்மார்க் அரசருக்குப் போனது. 1971 ஏப்ரல் 21 அன்று கப்பலில் ரெய்க்யாவிக்குக்குத் திரும்பிவந்தபோது துறைமுகத்தில் மக்கள் கூட்டமாகத் திரண்டு நின்றார்கள். கன்றுத்தோலில் எழுதிய, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு நூலை ஒரு நாடு அப்படி வரவேற்றது.

ஸ்நோர்ரி கிறிஸ்தவர். அவர் எழுதுவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே ஐஸ்லாந்து மதம் மாறிவிட்டது. பிறகு எதற்காக இந்தக் கதைகளைத் தொகுத்தார்? பழைய கதைகள் தெரியாமல் பழைய கவிதை புரியாது என்ற கவலைதான். இளம் கவிஞர்களுக்காகவே இதைச் சொல்கிறேன் என்று அவரே நூலுக்குள் எழுதியிருக்கிறார். ஆக, இளையவர்களுக்காக இந்தக் கதைகளைத் திருத்தி, அடுக்கி, சுவைபடச் சொல்லும் வேலையை முதலில் தொடங்கியவர் அவர். நாம் அந்த வரிசையில் பின்னால் வந்து நிற்கிறோம்.

ஸ்நோர்ரியின் நூலில் உள்ள ‘கில்ஃபாகின்னிங்’ பகுதியை முதலில் படியுங்கள். உலகம் பிறந்ததிலிருந்து அழிவதுவரை அதிலேயே இருக்கிறது. பிறகு பாடல்களுக்கு வாருங்கள்: ‘வோலுஸ்பா’, ‘த்ரிம்ஸ்க்விதா’, ‘ஹிமிஸ்க்விதா’, ‘லோகசென்னா’. ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. இரண்டை அருகருகே வைத்துப் படித்தால், எது மூலத்தில் உள்ளது, எது மொழிபெயர்ப்பாளரின் அழகுபடுத்தல் என்பது பிடிபடும்.

படிக்கும்போதே சிலவற்றை மறக்கவும் வேண்டும். அமெரிக்கக் காமிக்ஸும் திரைப்படங்களும் லோகியைத் தோரின் தம்பியாக்கிவிட்டன. மூலத்தில் அவன் ஃபார்பவுட்டி என்ற யோட்டுனின், அதாவது கடவுள்களோடு அடிக்கடி மோதும் பழங்குலத்தவனின், மகன். ஒடினோடு இரத்தம் கலந்து சகோதரனானவன். வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்ததற்குச் சான்று இல்லை. 1876-இல் ஜெர்மனியின் பாய்ராய்த் நகரில் மேடையேறிய வாக்னரின் இசைநாடகங்களுக்குக் கார்ல் எமில் டோப்லர் வரைந்த உடைகள்தாம் அந்தக் கொம்பை உலகம் முழுக்கப் பரப்பின. 1943-இல் நார்வேயின் யெர்முண்ட்பு பண்ணையில் கிடைத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. ஒன்பது உலகங்கள் உண்டென்று பாடல்கள் சொல்கின்றன. ஆனால் அவை எவை என்ற தெளிவான பட்டியல் எந்தப் பழைய நூலிலும் இல்லை. இணையத்தில் உலவும் அழகான வரைபடங்கள் எல்லாம் பிற்காலத்தவை. இது உங்களுக்கு நல்ல செய்தி. வரைபடம் காலியாக இருக்கிறது.

படி 2: கதையைத் தேர்ந்து, விலை என்ன என்று கேளுங்கள்

முழுப் புராணத்தையும் ஒரே நாவலில் அடைக்க வேண்டாம். ஒரு கதை போதும். ஒவ்வொரு கதையைப் படித்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன கிடைத்தது, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள்.

தோரின் மனைவி சிஃபின் பொற்கூந்தலை லோகி விளையாட்டாக வெட்டிவிடுகிறான். அதைச் சரிசெய்யப் போய், குள்ளக் கொல்லர்களிடமிருந்து ஆறு அற்புதப் பொருள்களைப் பெற்றுவருகிறான். அவற்றில் ஒன்று தோரின் சுத்தியல். பட்டறையில் துருத்தி ஊதியவனின் இமையை லோகி ஈயாக மாறிக் கடித்ததால் சுத்தியலின் கைப்பிடி குட்டையாகிவிட்டது. கொல்லர்களோடு கட்டிய பந்தயத்தில் தோற்ற லோகியின் உதடுகள் தைக்கப்பட்டன. கடவுள்களின் மிகப் பெரிய ஆயுதம் ஒரு குறும்பில் பிறந்தது, குறையோடு பிறந்தது, வாய் தைத்து முடிந்தது. இப்படி விலை கண்ணில் தெரிகிற கதைதான் நாவலைத் தாங்கும்.

எங்கள் எடுத்துக்காட்டில் கணக்கு இன்னும் கொடியது. தியால்ஃபிக்குக் கிடைத்தது ஒரு வாய் நல்லி. கொடுத்தது இரண்டு வாழ்க்கை. அதில் ஒன்று அவனுடையதல்ல.

படி 3: மூலத்தில் வாய் திறக்காதவரைத் தேடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். நாவல் இங்கேதான் பிறக்கிறது.

தோரும் ஒடினும் ஏற்கெனவே பேசி முடித்தவர்கள். அவர்கள் வாயில் நீங்கள் புதிதாக வைக்கும் சொல் எதுவும் மூலத்தோடு மோதும். ஆனால் பெயர் மட்டும் பெற்று, வேலை எதுவும் பெறாத பாத்திரங்கள் நிறைய இருக்கிறார்கள். வோலுஸ்பாவில் வெறும் பெயர்ப்பட்டியலாக நிற்கும் குள்ளர்களிலிருந்து ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதைமாந்தர் பலருக்குப் பெயர் எடுத்தார். ஒரு பட்டியலுக்குள் அத்தனை உயிர் உறங்கிக்கொண்டிருந்தது.

ரோஸ்க்வாவைப் பற்றி மூலங்கள் சொல்வதெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அவள் குடியானவனின் மகள். ஈடாகக் கொடுக்கப்பட்டாள். தோர், லோகி, தியால்ஃபி ஆகியோரோடு கடல் கடந்து யோட்டுன்களின் நாட்டுக்குப் போனாள். பழைய கவிதையில் தியால்ஃபி ‘ரோஸ்க்வாவின் சகோதரன்’ என்று குறிக்கப்படுகிறான். தோருக்குரிய சிறப்புப் பெயர்களில் ஒன்று ‘தியால்ஃபிக்கும் ரோஸ்க்வாவுக்கும் எஜமான்’. அவ்வளவுதான். அவள் நிறம், வயது, குணம், முடிவு எதுவும் தெரியாது. எண்ணூறு ஆண்டுகளாக அவள் ஊமையாக நடந்துகொண்டிருக்கிறாள்.

மூலங்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்நோர்ரியின் கதையில் ஆடு நொண்டியதற்குக் காரணம் தியால்ஃபி. ஹிமிஸ்க்விதா பாடலோ பழியை லோகியின்மேல் போடுகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? விருந்தில் லோகி அந்தப் பையனின் பக்கத்தில் அமர்ந்திருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நல்லி இருக்கும் எலும்பு அது’ என்று மெதுவாகச் சொன்னான். அதை ரோஸ்க்வா மட்டும் கேட்டாள். இனி உங்களிடம் ஒரு இரகசியமும், அதைச் சுமக்கும் ஒரு பெண்ணும், சொல்லலாமா வேண்டாமா என்ற கேள்வியும் இருக்கின்றன. நாவல் ஓடத் தொடங்கிவிட்டது.

டென்மார்க்கில் 1979 முதல் தொகுப்புகளாக வந்த ஒரு காமிக்ஸ் வரிசை இந்த இரண்டு பிள்ளைகளையும் மையமாக வைத்துப் புகழ்பெற்றது. ஆகவே இந்தக் கதையை எடுத்தால் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கே விலகி நடக்க வேண்டும் என்பது தெரியும்.

படி 4: போட்டிகளை முதுகெலும்பாக்குங்கள்

பயணத்தின் போக்கை ஸ்நோர்ரியே தந்திருக்கிறார். இருட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் தங்குகிறார்கள். காலையில் பார்த்தால் அது ஸ்க்ரிமிர் என்ற யோட்டுனின் கையுறை. அவர்கள் ஒதுங்கிய பக்க அறை கையுறையின் கட்டைவிரல். பிறகு உத்கார்ட் கோட்டை. அங்கே போட்டிகள். லோகி (Loki) தின்பதில், ஏறத்தாழ அதே பெயருள்ள ‘லோகி’ (Logi) என்ற இன்னொருவனோடு மோதுகிறான். (இந்தப் பெயர்க் குழப்பம் தமிழில் சிறுவர்களைத் திணறடிக்கும், எதிராளியை ‘தழல்’ என்று மொழிபெயர்த்துவிடலாம். உண்மையில் அந்தப் பெயரின் பொருளும் அதுதான்.) லோகி இறைச்சியைத் தின்று முடிக்க, எதிராளி இறைச்சி, எலும்பு, தொட்டி எல்லாவற்றையும் தின்றுவிடுகிறான். தியால்ஃபி ஹுகி என்ற சிறுவனோடு மூன்று முறை ஓடித் தோற்கிறான். தோர் ஒரு கொம்பிலுள்ள பானத்தை மூன்று மிடறில் காலி செய்ய முடியாமல் தவிக்கிறான். ஒரு சாம்பல்நிறப் பூனையின் ஒரு பாதத்தை மட்டுமே தூக்க முடிகிறது. எல்லி என்ற கிழவியிடம் மல்யுத்தத்தில் முழந்தாளிடுகிறான்.

மறுநாள் காலையில் உண்மை வெளிப்படுகிறது. தின்றவன் நெருப்பு. ஓடியவன் எண்ணம். கொம்பின் மறுமுனை கடலில் இருந்தது. தோர் குடித்ததால்தான் கடல் வற்றி வற்றி ஏறுகிறது. பூனை, உலகைச் சுற்றிப் படுத்திருக்கும் பாம்பு. கிழவி, முதுமை. இதைவிட அழகான வெளிப்பாட்டை எந்த மொழியின் கதையிலும் நான் அதிகம் கண்டதில்லை. தோற்றவர்கள்தாம் அங்கே மிகப் பெரியவர்கள் என்று பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கிவிடும்.

ரோஸ்க்வாவுக்குப் போட்டி வைக்கப்படவில்லை. அதை எழுதுவது உங்கள் வேலை. இரண்டு விதிகளை மட்டும் மீறாதீர்கள்: எதிராளி யாராலும் வெல்ல முடியாத ஒன்றாக இருக்க வேண்டும், பார்வைக்கு மிகச் சாதாரணமாகத் தெரிய வேண்டும். நான் எழுதினால் இப்படி வைப்பேன். மண்டபத்தின் மூலையில் ஒரு சிறுமி. அவள் எதிரே ரோஸ்க்வா அமர வேண்டும். யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் தோற்றார். வென்றால் ரோஸ்க்வா வீடு திரும்பலாம். பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த கலை, மணிக்கணக்கில் அமர்ந்திருக்கிறாள். மூன்றாம் ஓட்டத்தில் தியால்ஃபி கால் இடறி விழும்போது அவளையறியாமல் அவன் பெயரைக் கூவிவிடுகிறாள். எதிரே இருந்தது கல்லின் மௌனம். அதை யாரும் வெல்ல முடியாது. வீடு போயிற்று. ஆனால் அந்தக் கூவலுக்குப் பிறகு அவளால் பேச முடிகிறது. அடுத்த வாக்கியத்தில் அவள் லோகியைப் பார்த்துச் சொல்லப்போவது என்ன என்று வாசகருக்குத் தெரியும்.

படி 5: தரையிலிருந்து உலகத்தைக் கட்டுங்கள்

வானவில் பாலத்தை யாரும் எழுதலாம். புகை மூட்டமான ஒரு வீட்டை நம்பும்படி எழுதுவதுதான் கடினம். அந்தக் காலத்து நீள்வீட்டில் புகைபோக்கி கிடையாது. நடுவே அடுப்பு, கூரையில் ஓர் ஓட்டை. சுவரோரம் உயர்ந்த திண்ணைகள். பகலில் உட்காருவதும் இரவில் உறங்குவதும் அவற்றில்தான். ஐஸ்லாந்தில் சுவரும் கூரையும் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் ஆனவை. தறி சுவரில் சாய்ந்து நிற்கும். பாவு நூல்களின் அடியில் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெண்பிள்ளைகளின் கையில் எப்போதும் ஒரு நூற்கும் கதிர்.

உணவில் தமிழ் வாசகருக்கு உடனே பிடிபடும் இரண்டு உண்டு. ஸ்கிர் என்பது கெட்டித் தயிர் போன்றது. உப்பிடாமல் குளிர்காற்றிலேயே மரக்கட்டை போல உலர்த்திய மீனைக் கருவாடு என்று எழுதினால் போதும், வாசனைகூட வந்துவிடும். உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம் மூன்றையும் கதைக்குள் விடாதீர்கள். அவை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வர இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன.

அந்தச் சமூகத்தில் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ‘ஊழியர்கள்’ என்று மூலம் சொல்லும் இடத்தில் ரோஸ்க்வாவின் தாய்க்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்து எழுதுங்கள்.

படி 6: தமிழ் உங்களைக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்

இது நம் மொழிக்கே உரிய படி. ஆங்கிலத்தில் எழுதுபவர் தப்பித்துக்கொள்ளும் இடங்களில் தமிழ் நம்மை நிறுத்திக் கேட்கும்.

முதல் கேள்வி: ரோஸ்க்வா அக்காவா, தங்கையா? மூலம் சொல்லவில்லை. அவர்கள் மொழியில் சொல்லத் தேவையும் இல்லை. தமிழில் தியால்ஃபி அவளை ஒருமுறை கூப்பிட்டாலே தெரிந்துவிடும். அக்கா என்றால், தம்பியைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்ற குற்றவுணர்வு அவளுடையது. தங்கை என்றால், அண்ணன் செய்ததற்கு நான் ஏன் என்ற கோபம். நாவலின் மனநிலையே மாறுகிறது. நான் அக்காவைத் தேர்வேன். இரகசியம் அவளிடம் இன்னும் கனமாக இருக்கும்.

இரண்டாவது: நீயா, நீங்களா? பழைய நார்ஸ் மொழிப் பாடல்களில் கடவுளையும் ‘நீ’ என்றே அழைத்தார்கள். தமிழில் ஒரு குடியானவப் பெண் தன்னை விலையாக வாங்கியவனை முதல் நாளே ‘நீ’ என்றால் காதுக்கு ஒட்டாது. முதலில் ‘நீங்கள்’ என்று பேசவிடுங்கள். ஓர் அத்தியாயத்தில், ஒரே ஒரு வாக்கியத்தில், அவள் ‘நீ’ என்று மாறட்டும். அந்த ஓரெழுத்து மாற்றத்தை விளக்கிச் சொல்லாதீர்கள். வாசகர் நிமிர்ந்து உட்காருவார். கதைசொல்லியின் குரலில் தோர் ‘வந்தான்’ என்றே இருக்கலாம். கடவுளை ‘அவன்’ என்று உரிமையோடு சொல்வது நமக்குப் பழகியதுதான்.

மூன்றாவது: யோட்டுன்களை என்ன சொல்வது? அரக்கர், அசுரர், ராட்சதர் என்ற சொற்கள் நம் புராணங்களை உள்ளே இழுத்துவந்துவிடும். யோட்டுன்கள் எல்லாரும் பேருருவம் கொண்டவர்கள் அல்லர், தீயவர்களும் அல்லர். ஒடினின் தாய் பெஸ்ட்லா யோட்டுன் குலத்தவள். ஃப்ரெயர் மணந்த கெர்தும், பனிமலையில் வாழும் ஸ்காதியும் அந்தக் குலம். ‘யோட்டுன்’ என்றே எழுதி, முதல் சந்திப்பில் ஒரு காட்சியால் விளக்குங்கள். கடவுள்கள் வாழும் ஆஸ்கார்டைத் ‘தேவலோகம்’ ஆக்கவும் வேண்டாம். அங்கிருப்பவர்களுக்கு மரணம் உண்டு. அந்த ஒரு வேறுபாடு போதும்.

பெயர்களை உச்சரிக்க எளிதாகக் குறுக்குங்கள், ஆனால் ஒரே சீராக. ‘ஓடின்’ என்று நெடிலில் எழுதுவது மூலத்துக்கு நெருக்கம்தான். ஆயினும் ‘ஓடினால்’ என்ற பொருளில் படித்துத் தடுமாறும் பிள்ளைகள் உண்டு. அதனால் நான் குறிலை வைத்துக்கொண்டேன். ஃப்ரெயரும் ஃப்ரேயாவும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வரம். நார்ஸ் கவிஞர்கள் ஒன்றை நேராகச் சொல்லாமல் இரண்டு சொற்களால் சுற்றிச் சொல்வார்கள். பொன் என்பது ‘சிஃபின் கூந்தல்’ அல்லது ‘ஃப்ரேயாவின் கண்ணீர்’. வானம் என்பது ‘யிமிரின் மண்டையோடு’. கடல் ‘யிமிரின் குருதி’. (யிமிர் என்ற முதல் யோட்டுனின் உடலிலிருந்துதான் உலகம் படைக்கப்பட்டது.) நமக்கு இது அந்நியமல்ல. ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வளையல் வருவதில்லை, பெண் வருகிறாள். பள்ளியில் அன்மொழித்தொகை படித்த பிள்ளைக்குச் சுலபமாகப் புரியும். இந்தச் சுற்றுமொழியை நாவலில் விடுகதை விளையாட்டாக ஆக்குங்கள். பயண இரவுகளில் தியால்ஃபி ஒன்று சொல்ல, ரோஸ்க்வா மனத்துக்குள் விடை காணட்டும்.

படி 7: லோகியை அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள்

சிறுவர்கள் லோகியைத்தான் முதலில் நேசிப்பார்கள். நேசிக்கட்டும். அவன் குழப்பத்தை உண்டாக்குகிறான், பிறகு அவனே சரிசெய்கிறான். போகும் வழியில் எல்லோருக்கும் ஏதோ பரிசு கிடைக்கிறது. பெண் குதிரையாக மாறி எட்டுக்கால் குதிரையான ஸ்லெய்ப்னிரை ஈன்றதைக்கூடச் சுற்றிவளைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், பெரியவர்கள்தாம் நெளிவார்கள். ஆனால் அவன் சூழ்ச்சியால் நேர்ந்த, ஒடினின் மகன் பால்டரின் மரணம் என்ற கோட்டைத் தாண்டியபிறகு அவனால் எதையும் சரிசெய்ய முடிவதில்லை. முதல் பக்கத்திலேயே அவனை வில்லனாக்கினால் அந்த வீழ்ச்சி வலிக்காது. கடைசிவரை குறும்புக்காரனாகவே வைத்திருந்தால் அது பொய்.

படி 8: எவ்வளவு இருட்டைக் காட்டுவது

தண்டனையாக லோகியைக் கட்டிய கயிறு எதனால் ஆனது என்று மூலம் சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் சிகின் என்ற அவன் மனைவி, பாம்பின் நஞ்சு அவன் முகத்தில் விழாதபடி கிண்ணத்தை ஏந்தி நிற்பதை எழுதுங்கள். கிண்ணம் நிரம்பி அவள் கொட்டப் போகும் அந்தச் சில நொடிகளில் நஞ்சு சொட்டுகிறது, அவன் துடிக்கிறான், பூமி நடுங்குகிறது. இரத்தம் இல்லை. குழந்தை அன்றிரவு அவளுடைய கைகளைப் பற்றித்தான் யோசிக்கும்.

என் அளவுகோல் எளியது: காயத்தை விவரிக்காதீர்கள், இழப்பை விவரியுங்கள்.

படி 9: முடிவு தெரிந்த கதைக்குள் பதற்றம் வைப்பது

ரக்னராக் என்ற உலகத்தின் அழிவு வரப்போகிறது என்று கடவுள்களுக்கே தெரியும். இடையில் கோடையே இல்லாத மூன்று குளிர்காலங்கள் அடுத்தடுத்து வரும். ஓநாய் சூரியனை விழுங்கும். தோர் பாம்பைக் கொன்று ஒன்பது அடி நடந்து விழுவான். ஒடினை ஃபென்ரிர் என்ற ஓநாய் விழுங்கும். எல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டன. அப்படியானால் வாசகர் எதற்காகப் பக்கத்தைப் புரட்டுவார்?

‘என்ன நடக்கும்’ என்பதை விட்டுவிட்டு, ‘தெரிந்தும் அவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்’ என்பதை எழுதுங்கள். விதியின் பெண்கள் ஒவ்வொரு நாளும் உலக மரத்துக்குக் கிணற்று நீரும் வெண்களிமண்ணும் ஊற்றுகிறார்கள். அந்த மரம் கீழே நாகத்தால் கடிக்கப்பட்டு, மேலே மான்களால் மேயப்பட்டு, பக்கவாட்டில் அழுகிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கும் அது தெரியும். மறுநாளும் நீர் ஊற்றுகிறார்கள். இந்தக் காட்சியை ரோஸ்க்வா ஒருமுறை பார்க்கும்படி செய்துவிட்டால் வேறு தத்துவ உரையாடல் தேவையில்லை.

சிறுவர் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய சின்ன விவரங்களும் உண்டு. கடைசிப் போருக்கு வரும் நாக்ல்ஃபார் என்ற கப்பல் இறந்தவர்களின் நகங்களால் கட்டப்படுவது. அதனால் இறந்தவரின் நகத்தை வெட்டாமல் விடக் கூடாது. விட்டால் கப்பலுக்கு மரம் கொடுத்தது போல என்கிறார் ஸ்நோர்ரி. ஒரு பாட்டியின் மரணத்தில், பேத்தி அழுதுகொண்டே அவள் நகங்களை வெட்டும் காட்சியை யோசித்துப் பாருங்கள். உலகத்தின் முடிவை ஒரு நாள் தள்ளிப்போடுகிறாள் அந்தப் பெண்.

அழிவுக்குப் பிறகும் கதை உண்டு. லீஃப், லீஃப்திராசிர் என்ற இருவர் ஒரு சோலைக்குள் மறைந்து, காலைப் பனியை உண்டு உயிர்பிழைக்கிறார்கள். சூரியனின் மகள் தாயின் பாதையில் வண்டியோட்டுகிறாள். மீண்டும் பசுமையாகும் நிலத்தில், புல்லுக்கிடையே, பழைய கடவுள்கள் விளையாடிய பொற்காய்கள் கிடக்கின்றன. இந்த நம்பிக்கையை நீங்கள் கற்பித்துச் சேர்க்க வேண்டாம். வோலுஸ்பாவிலும் ஸ்நோர்ரியின் நூலிலும் ஏற்கெனவே இருக்கிறது.

படி 10: படங்களும் எழுத்துகளும்

ஓவியரிடம் கொடுக்குமுன் ஒரு எச்சரிக்கை. வைக்கிங் காலத்தில் புழங்கிய ரூன் என்ற பழைய எழுத்து வரிசையில் 16 எழுத்துகளே. 24 எழுத்து வரிசை அதற்கு முந்தியது. கலந்து எழுத வேண்டாம். சில ரூன்களை நாஜிகள் தங்கள் சின்னங்களாக்கினார்கள். அந்தக் கறை இன்னும் போகவில்லை. அட்டையில் அலங்காரத்துக்காக எந்த எழுத்தையும் தூவாமல், ஒவ்வொன்றையும் சரிபார்த்து வையுங்கள்.

படி 11: ஒரு குழந்தைக்கு உரக்கப் படியுங்கள்

முதல் அத்தியாயம் முடிந்ததும் வேறு யாரிடமும் காட்டாதீர்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை அருகில் அமர்த்தி வாசியுங்கள். நாக்குத் தடுக்கும் பெயரை அங்கேயே பென்சிலால் வட்டமிடுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். ஆடு நொண்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் காத்திருங்கள்.

யார்மேல் தவறு என்று அவர்கள் சண்டையிட்டால் காட்சி நிற்கிறது. ஒருவர் தியால்ஃபி என்பார், இன்னொருவர் காரணத்தைச் சொல்லாமல் விட்ட தோர் என்பார். அவர்களில் யாராவது ஒரு பிள்ளை, ‘அந்த அக்கா ஏன் எதுவும் பேசவில்லை?’ என்று கேட்டால், வீட்டுக்குப் போய் இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.